நெற்கதிர்னு பேர் வெச்ச ரயில்

"ரயிலுக்கு கதிர்னு பேர் வெச்சிருக்காங்கடி அந்த ஊர்ல"ன்னு அம்மா இதுவரைக்கும் செம்பூர்ல எங்க பில்டிங்ல இருக்கற எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு, கீழ் வீட்டு மராட்டி ஆன்ட்டிகிட்ட இந்தியில சொன்னாங்க, மாட்டுங்கா மார்க்கெட்ல வாழையிலை விக்கறவர்கிட்டயும் சொன்னாங்க. ஜப்பான்ல பாத்த மத்ததெல்லாம், டோக்கியோ கட்டடம், கியோட்டோ கோயில், ஃபூஜி மலை, எதைப்பத்தியும் அவங்க ரெண்டு வரிக்கு மேல பேசறதில்ல. இந்த ஒரு ரயிலைப் பத்தி மட்டும் அரைமணி நேரம் பேசுவாங்க. அதனாலதான் இதை எழுதி வெச்சுடலாம்னு தோணிச்சு.

தம்பி சைதாமால இருக்கான், டோக்கியோவுக்கு வடக்க, நம்ம தாணே மாதிரின்னு வெச்சுக்கங்க. நாலு வருஷமா வாங்க வாங்கன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தான், போன செப்டம்பர்லதான் அமைஞ்சுது. என் மனைவிக்கு லீவு கிடைக்கல, பையனுக்கு பரீட்சை, அதனால அம்மாவும் நானும் மட்டும் கிளம்பினோம். வழக்கமா எல்லாரும் போற இடமெல்லாம் பாத்து முடிச்சப்புறம் கையில மூணு நாள் மிச்சம் இருந்துச்சு, எங்க போகலாம்னு தம்பி கேட்டான். நான் யோசிக்கவே இல்ல, கடல் ஓரமா போற ரயில் ஒண்ணு வேணும்டா, எது வேணா இருக்கட்டும்னேன்.

அதுக்கு காரணம் இருக்கு. மும்பையில இருந்துக்கிட்டு கடலை ரயில்லேர்ந்து பாக்கவே முடியாது தெரியுமா, மூணு பக்கமும் தண்ணி இருக்கற ஊர்ல எங்க ஹார்பர் லைன்ல கிடைக்கறது மான்கூர்த் தாண்டி வாஷி கிரீக் பாலம் மட்டும்தான், அதுவும் நின்னுக்கிட்டு போற கூட்டத்துல எவனோட தோளுக்கு மேலயோ எட்டிப்பாக்கணும். சரி கொங்கண் ரயில்ல போனா கடல் தெரியும்னு முதல் தடவை மட்காவ் போகும்போது ராத்திரியெல்லாம் தூங்காம ஜன்னல்ல உக்காந்திருக்கேன். கொங்கண் ரயில் ரொம்ப அழகான லைன், அதுல எனக்கு சந்தேகமே இல்ல, கர்புடே சுரங்கம் ஆறரை கிலோமீட்டர், பன்வல் நதி பாலம் 64 மீட்டர் உயரம், மழைக்காலத்துல பாத்தா கண்ணு நிறைஞ்சுபோகும். ஆனா கடல் கிடையாது. மலைக்கும் கடலுக்கும் நடுவுல கொஞ்சம் உள்ள தள்ளி போற லைன் அது, கழிமுகம் தெரியும், ஆறு தெரியும், அலை தெரியாது. நம்ம ஊர்ல கடலை நிஜமா ரயில்லேர்ந்து பாக்கணும்னா பாம்பன் போகணும். அது சில நிமிஷத்துல முடிஞ்சுடும்.

தம்பி ரெண்டு மூணு பேர் சொன்னான், இசு பக்கம் ஒண்ணு, கீ தீபகற்பத்தை சுத்திப் போற குரோஷியோன்னு ஒண்ணு, அப்பறம் நீகாத்தாலேர்ந்து ஜப்பான் கடல் ஓரமா வடக்க போற இனாஹோ. இனாஹோன்னா என்னடான்னு அம்மா கேட்டாங்க. நெற்கதிர்மான்னான். அம்மா கையில இருந்த காபி டம்ளரை கீழ வெச்சுட்டு, அதுலயே போலாம்னாங்க. அவ்வளவுதான், முடிவாயிடுச்சு.

அம்மாவுக்கு சொந்த ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். கல்யாணம் ஆகி 1984-ல மும்பை வந்தாங்க, நாப்பது வருஷம் தாண்டியாச்சு, ஆனா இன்னும் ஜூன் மாசம் வந்தா மேட்டூர் தொறந்தாச்சான்னு கேப்பாங்க. ஜூன் 12 எங்க வீட்டுல பொறந்தநாள் மாதிரி ஒரு தேதி.

இனாஹோ ஒரு லிமிடெட் எக்ஸ்பிரஸ், அப்படின்னா என்னன்னு இப்ப சொல்லிடறேன், ஏன்னா நான் போறதுக்கு முன்னாடி புல்லெட் ட்ரெயினும் இதுவும் ஒண்ணுன்னு நினைச்சிருந்தேன். புல்லெட் ட்ரெயின், அதாவது ஷின்கான்சென், தனி பாதையில ஓடும். லிமிடெட் எக்ஸ்பிரஸ் அப்படி இல்ல, லோக்கலும் கூட்ஸும் ஓடற அதே சாதாரண தண்டவாளத்துல கம்மியான ஸ்டேஷன்ல நின்னு வேகமா போற வண்டி, ஜப்பான்காரங்க தொக்யூன்னு சொல்றாங்க. இதுக்கு ரெண்டு டிக்கெட் வேணும், தூரத்துக்கான சாதாரண டிக்கெட் ஒண்ணு, அதுக்கு மேல எக்ஸ்பிரஸ் டிக்கெட் ஒண்ணு, நம்ம ஊர் சூப்பர்ஃபாஸ்ட் சார்ஜ் மாதிரிதான் ஆனா தனி சீட்டா குடுப்பாங்க. வண்டி ரெண்டு மணி நேரம் லேட்டா போய் சேந்தா அந்த எக்ஸ்பிரஸ் காசை திருப்பிக் குடுத்துடுவாங்க. வெளிநாட்டு டூரிஸ்டுங்க ஜப்பான் முழுக்க ரயில்ல சுத்தறதுக்கான ஏழு நாள் ஜேஆர் பாஸ் 2023 அக்டோபர்ல 29,650 யென்லேர்ந்து 50,000 யென் ஆயிடுச்சு, எங்களை மாதிரி ஒரு பக்கம் போயிட்டு வரவங்களுக்கு அது கட்டுப்படியாகாது, தனித்தனியா டிக்கெட் எடுத்ததுதான் சரியா இருந்துச்சு.

சைதாமால இருக்கற ஓமியா ஸ்டேஷன்லேர்ந்து நீகாத்தா வரைக்கும் ஜோயெத்சு ஷின்கான்சென், 1982-ல தொறந்த லைன். நடுவுல ஒரு மலைத்தொடர், அதுக்குள்ள தாய்ஷிமிசு சுரங்கம், 22 கிலோமீட்டருக்கு மேல. உள்ள போகும்போது ஒரு பக்கம் வெயில் அடிச்சுக்கிட்டு இருந்துச்சு, வெளிய வந்தா மேகமும் தூறலும், வேற ஊர் வேற வானம். குளிர்காலத்துல இந்த பக்கம்தான் ஆள் உயரத்துக்கு மேல பனி கொட்டுமாம், அந்த பனி உருகற தண்ணியிலதான் நீகாத்தா நெல்லு விளையுதுன்னு தம்பி சொன்னான். அப்ப மலையே மேட்டூர் அணைதானேன்னாங்க அம்மா. நான் புவியியல் புஸ்தகத்துல எத்தனையோ படிச்சிருக்கேன், இவ்வளவு சுருக்கமா யாரும் சொல்லிக் கேட்டதில்ல.

நீகாத்தா ஸ்டேஷன்ல ஷின்கான்சென்லேர்ந்து இறங்கினா அதே பிளாட்ஃபாரத்துல எதிர்பக்கம் இனாஹோ நிக்குது. 2018-லேர்ந்து இப்படி பண்ணிட்டாங்க, நடுவுல ஒரு கேட்டு, அதுல டிக்கெட்டை விட்டு எடுத்துட்டு நாலு அடி நடந்தா அடுத்த வண்டி. படி இல்ல, ஓவர்பிரிட்ஜ் இல்ல. முட்டிவலிக்காரங்களைக் கூட்டிட்டுப் போறவங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு தாதர் பிரிட்ஜ் ஏறி இறங்கினவங்களுக்குத் தெரியும். வண்டியோட முகத்துல ஆரஞ்சும் மஞ்சளும் கலந்த நிறம், ஜப்பான் கடல்ல சூரியன் விழறதையும் பழுத்த கதிரையும் மனசுல வெச்சு பூசினதாம். வண்டி புதுசு கிடையாது, 1997-ல ஜோபான் லைன்ல ஓட ஆரம்பிச்சு 2013-ல இங்க மாத்தினது, ஆனா சீட்டுல ஒரு கீறல் இல்ல.

சாப்பாடு பத்தி சொல்லணும். அம்மா சுத்த சைவம், ஜப்பான்ல மீன் பொடி போடாத சாப்பாடே கம்மி. அதனால செம்பூர்லேர்ந்தே புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், மாகாளி ஊறுகாய் ஒரு பாட்டில் எடுத்துட்டு வந்திருந்தாங்க. ஸ்டேஷன் பக்கத்து கடையில வெறும் சாதம் பேக்கெட்ல விக்கறாங்க, அங்கயே சூடு பண்ணித் தருவாங்க, அதை மூணு வாங்கிக்கிட்டோம். டோக்கியோ லோக்கல்ல யாரும் சாப்பிடறதில்ல, ஆனா இந்த மாதிரி எக்ஸ்பிரஸ்ல எல்லாரும் டப்பா திறந்து சாப்பிடறாங்க, முன்னாடி சீட்டு முதுகுல மடக்கு மேஜை இருக்கு. பெருங்காய வாசனை யாரையும் தொந்தரவு பண்ணிடுமோன்னு அம்மா தயங்கினாங்க, கடைசியில பாட்டில் மூடியை லேசா திறந்து ஸ்பூனை மட்டும் உள்ள விட்டு எடுத்து சட்டுனு மூடினாங்க. பிசைஞ்சு ஒரு வாய் வெச்சுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்பறம் சொன்னாங்க, "அரிசி தேன் மாதிரி இருக்குடா, பழசே இல்ல. ஆனா புளிசாதத்துக்கு ஆகாது, உதிரியா நிக்கல. தயிர்சாதத்துக்கு இதை விட்டா வேற அரிசி கிடையாது." கோஷிஹிகாரிங்கற நெல்லு அது, 1956-லேர்ந்து பயிர் பண்றது, நீகாத்தாதான் அதுக்கு பேர் போன ஊர்.

வண்டி கிளம்பி ஊர் தாண்டினதும் வயல். ரெண்டு பக்கமும் வயல். செப்டம்பர் மூணாவது வாரம், பாதி அறுத்தாச்சு பாதி நிக்குது, நம்ம டெல்டாவுலயும் அந்த நேரத்துல குறுவை அறுப்புதான், அதனால அம்மாவுக்கு தேதி குழம்பவே இல்ல. வரப்பு எல்லாம் ஸ்கேல் வெச்சு கோடு போட்ட மாதிரி இருந்துச்சு. அம்மா ஜன்னல்ல நெத்தியை ஒட்டி வெச்சுக்கிட்டு தனக்குத்தானே சொல்லிக்கிட்டே வந்தாங்க, இது நல்லா பழுத்துடுச்சு, இது இன்னும் ஒரு வாரம் நிக்கணும், அய்யோ இது சாய்ஞ்சுபோச்சு பாரு பாவம் மழை அடிச்சிருக்கும், இங்க என்னடா வைக்கோலை மெஷினே துண்டு துண்டா வெட்டி வயல்லயே போட்டுடறான் மாட்டுக்கு என்ன பண்ணுவான். தம்பி பதில் சொல்ல முயற்சி பண்ணிட்டு விட்டுட்டான். அவங்க கேள்வி கேக்கல, வயலோட பேசிக்கிட்டிருந்தாங்க.

ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் முன்னாடி முராகாமி. இது சால்மன் மீனுக்கு பேர் போன சின்ன ஊர், சாமுராய் கோட்டை இருந்த இடம். இங்க மீனைக் காயப்போடும்போது வயித்தை முழுசா கீற மாட்டாங்களாம், நடுவுல கொஞ்சம் விட்டுட்டு ரெண்டு கீறலாத்தான் கீறுவாங்க, ஏன்னா சாமுராய் ஊர்ல வயித்தைக் கிழிக்கறதுங்கறது தன்னைத்தானே மாய்ச்சுக்கற சடங்கை ஞாபகப்படுத்தும்னு. இங்கேர்ந்து கடலுக்குப் போற சால்மன் முட்டை போட பொறந்த ஆத்துக்கே திரும்பி வரும்னு கவனிச்சு, அதுக்காக மியோமொத்தே ஆத்துல தனியா ஒரு கிளை வாய்க்கால் அமைச்சதும் இதே ஊர் சாமுராய் ஒருத்தர்தான், ஆவோதோ புஹெய்ஜின்னு பேர், 18-ஆம் நூற்றாண்டு ஆள். இந்த ஊர்ல தேயிலையும் உண்டு, ஜப்பான்ல வியாபாரத்துக்கு தேயிலை பயிர் பண்றதுல வடக்கு எல்லை இதுன்னு பெருமையா சொல்லிக்கறாங்க.

ஆனா நான் முராகாமிக்காக காத்துக்கிட்டிருந்தது வேற காரணத்துக்கு. முராகாமிக்கும் அடுத்த மாஜிமா ஸ்டேஷனுக்கும் நடுவுல தண்டவாளத்துக்கு மேல கரண்ட் மாறுது. தெக்க 1,500 வோல்ட் டிசி, வடக்க 20,000 வோல்ட் ஏசி. 1972-ல இந்த லைனை மின்மயமாக்கினப்பவே அப்படித்தான் பிரிச்சுட்டாங்க. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு தொடக்கூடாது, அதனால நடுவுல கரண்டே இல்லாத ஒரு சின்ன துண்டு, வண்டி ஓடி வந்த வேகத்துலயே அதைத் தாண்டணும், தாண்டறதுக்குள்ள உள்ள இருக்கற சாதனம் எல்லாம் இந்த கரண்ட்லேர்ந்து அந்த கரண்டுக்கு மாறிக்கணும். முன்னாடி ஓடின பழைய வண்டியில இந்த இடத்துல லைட் அணைஞ்சு எரியுமாம். எங்க வண்டியில லைட் அணையல, சத்தம் மட்டும் கொஞ்சம் அடங்கின மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான், ஆனா எனக்கு ரோமம் சிலிர்த்துடுச்சு.

மும்பைக்காரன்கிட்ட இதைச் சொன்னா புரியும். இந்தியாவுல முதல் மின்சார ரயில் ஓடினது 1925 பிப்ரவரி 3, விக்டோரியா டெர்மினஸ்லேர்ந்து குர்லா வரைக்கும், இதே 1,500 வோல்ட் டிசிலதான். எங்க ஹார்பர் லைன் கடைசி வரைக்கும் டிசியாவே இருந்து 2016-லதான் ஏசிக்கு மாறிச்சு, அந்த மாத்தற வருஷங்கள்ல லோக்கல்ல போகும்போது நடுவுல எங்கயோ ஃபேன் லைட் எல்லாம் சட்டுனு நிக்கும், இருட்டுல எல்லாரும் ஒரே மூச்சா அமைதியாகி அப்பறம் திரும்ப வரும். நான் காலேஜ் படிச்ச காலம் முழுக்க அந்த இருட்டு தெரியும். நாங்க விட்டுட்டு வந்த டிசி இங்க இன்னும் ஓடிக்கிட்டிருக்கு, அதுலேர்ந்து ஏசிக்கு தினமும் வண்டி தாண்டிக்கிட்டிருக்கு. இன்னொண்ணு, மேல கம்பி இருந்தும் முராகாமிக்கும் நாங்க இறங்கவேண்டிய சகாதாவுக்கும் நடுவுல லோக்கல் வண்டியெல்லாம் டீசல்லதான் ஓடுது, ஏன்னா ரெண்டு கரண்டுலயும் ஓடற வண்டி செய்யறதுக்கு செலவு ஜாஸ்தி, ஒண்ணு ரெண்டு பெட்டி லோக்கலுக்கு அது கட்டாது.

அந்த துண்டைத் தாண்டின கொஞ்ச நேரத்துல கடல்.

வடக்க போகும்போது இடது பக்கம். முதல்ல பைன் மரங்களுக்கு நடுவுல பளபளன்னு ஏதோ தெரிஞ்சுது, அப்பறம் ஒரு சுரங்கம், சுரங்கத்துலேர்ந்து வெளிய வந்தா ஜன்னல் முழுக்க தண்ணி. நடுவுல வேற ஒண்ணும் இல்ல. ஒரு சின்ன ரோடு, ஒரு கல் சுவர், அதுக்கப்பறம் கடல்தான். அம்மா தன்னையறியாம கால் ரெண்டையும் சீட்டு மேல தூக்கி மடக்கி வெச்சுக்கிட்டாங்க, நனைஞ்சுடும்னு பயந்த மாதிரி. மெட்ராஸ் கடல் மாதிரி இல்ல, மும்பை கடல் மாதிரியும் இல்ல. மும்பையில தண்ணி பழுப்பு, மெரினாவுல அலை கோபமா இருக்கும். இது அன்னிக்கு கண்ணாடி மாதிரி, அடியில கிடக்கற பாறை தெரியற பச்சை, தூரம் போகப்போக கருநீலம். குளிர்காலத்துல இதே கடல் கொந்தளிச்சு நுரையை கரைக்கு மேல வாரி எறியுமாம், பாத்தா நம்பவே முடியல.

சசகவா நாகாரேன்னு இந்த கரைக்கு பேர், சுமார் 11 கிலோமீட்டர். சசகவாங்கறது ஒரு சின்ன குப்பம், அதுக்கு எதிர்க்க பாறைகளுக்கு நடுவுல கடல் தண்ணி ஆறு மாதிரி இழுத்துக்கிட்டு ஓடறதால அந்த பேர் வந்துச்சு. 1927-லயே அரசாங்கம் இதை பாதுகாக்கவேண்டிய இடமா அறிவிச்சிருக்கு. பாறைன்னா சும்மா பாறை இல்ல, வெள்ளையா, அலை குடைஞ்சு ஓட்டை போட்டது, தூண் மாதிரி தனியா நிக்கறது, ஒவ்வொண்ணு உச்சியிலயும் ஒரு பைன் மரம் பிடிச்சுக்கிட்டு நிக்குது, மண்ணு எங்கேர்ந்து கிடைச்சுது அதுக்குன்னு தெரியல. வண்டி அந்த பாறைங்களுக்கு இடம் விட்டு வளைஞ்சு வளைஞ்சு போகும், வேகம் குறையும், சுரங்கம், வெளிச்சம், சுரங்கம், வெளிச்சம். ஒவ்வொரு தடவை வெளிய வரும்போதும் கடல் வேற மாதிரி இருந்துச்சு. நான் முதல்ல போன்ல வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தேன், மூணாவது சுரங்கத்துக்கு அப்பறம் போனை பையில போட்டுட்டேன், வீடியோவுல சுரங்கம்தான் ஜாஸ்தி விழுது, கண்ணு மட்டும்தான் அந்த வெளிச்சத்துக்கு சட்டுனு தயாராகுது.

நடுநடுவுல சின்ன சின்ன ஊர், கருப்பு ஓடு, மரச்சுவர், வாசல்ல வலை, வீட்டுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவுல நாலு வரிசை முள்ளங்கி. இந்த கரையில இன்னும் கடல் தண்ணியை பெரிய அண்டாவுல ஊத்தி விறகு வெச்சு காய்ச்சி உப்பு எடுக்கறாங்க. நம்ம வேதாரண்யத்துல வெயில் காய்ச்சுது, இவங்களுக்கு அந்த வெயில் கிடையாது, அதனால விறகு. அம்மா ஊர்லேர்ந்து வேதாரண்யம் உப்பளம் கிட்டதான், உப்பு வெள்ளையா குமிச்சு வெச்சிருக்கறதை சின்ன வயசுல பாத்ததைச் சொல்ல ஆரம்பிச்சாங்க, பாதியில நிறுத்திட்டாங்க, ஏன்னா சூரியன் இறங்க ஆரம்பிச்சுடுச்சு.

கிழக்கு கடல் பாத்து வளந்தவங்களுக்கு கடல்ல சூரியன் உதிக்கறதுதான் தெரியும். மும்பை வந்தப்பறம் விழறதையும் பாத்தாச்சு, ஆனா தாதர் சௌபாத்தியில கூட்டத்துக்கு நடுவுல பாக்கறது வேற. இங்க தூரத்துல அவாஷிமான்னு ஒரு தீவு, தட்டையா, திமிங்கலம் படுத்திருக்கற மாதிரி, சூரியன் அதுக்கு கொஞ்சம் தள்ளி இறங்குது, தண்ணி மேல ஒரு பாதை போட்ட மாதிரி வெளிச்சம், அந்த பாதை வண்டியோடயே ஓடி வருது. எங்க பெட்டியில மொத்தமே பதினஞ்சு பேர்தான் இருப்பாங்க. வலது பக்கம் உக்காந்திருந்த ஒரு பாட்டி எழுந்து வந்து எங்க சீட்டு பக்கத்துல நின்னு பாத்தாங்க, அம்மா நகர்ந்து இடம் குடுத்தாங்க, ரெண்டு பேருக்கும் பொது பாஷை ஒண்ணும் கிடையாது, ரெண்டு பேரும் தலையை ஆட்டிக்கிட்டாங்க. அந்த பாட்டி தினமும் பாக்கற சூரியனாத்தான் இருக்கணும், இருந்தாலும் எழுந்து வந்தாங்க.

நெசுகசெகிங்கற இடத்துல நீகாத்தா முடிஞ்சு யாமாகாத்தா ஆரம்பிக்குது, பழைய காலத்துல வடக்க போறவங்களை நிறுத்தி விசாரிக்கற காவல் வாசல் அங்க இருந்துச்சு. இந்த லைனோட கடைசி துண்டும் இந்த பக்கம்தான், மலை கடலுக்குள்ள இறங்கற இடமாச்சே, போட்டு முடிக்க 1924 ஆயிடுச்சு. அத்சுமி ஓன்சென் தாண்டி கொஞ்ச தூரத்துல வண்டி கடலை விட்டு உள்ள திரும்பிச்சு. ஒரு சுரங்கம், அப்பறம் திரும்பவும் வயல். ஷோனாய் சமவெளி.

இங்க ஒரு விஷயம் சொல்லாம போக முடியாது. 2005 டிசம்பர் 25 ராத்திரி, இதே இனாஹோ அகிதாவுலேர்ந்து தெக்க வந்துக்கிட்டிருந்தப்ப, மொகாமி ஆத்து பாலத்தைத் தாண்டின உடனே சூறைக்காத்து அடிச்சு பெட்டியெல்லாம் தடம் புரண்டு, சிலது சாய்ஞ்சுடுச்சு. 5 பேர் இறந்துபோனாங்க. அதுக்கப்பறம் இந்த லைன் ஓரமா காத்தை அளக்கற கருவியை நிறைய வெச்சாங்க, காத்து தடுப்பு வேலி போட்டாங்க, அமாருமே ஸ்டேஷன்ல டாப்ளர் ரேடார் வெச்சு சூறை உருவாகறதை வானத்துலயே பாக்க ஆரம்பிச்சாங்க, 2017-லேர்ந்து ரேடார் சொன்னா வண்டியை நிறுத்தறாங்க. நாங்க அந்த பாலத்துக்கு வரும்போது இருட்டிடுச்சு, தண்ணி தெரியல, பாலத்தோட சத்தம் மட்டும். நான் அம்மாகிட்ட சொல்லவேண்டாம்னு நினைச்சேன், தம்பி சொல்லிட்டான். அம்மா கை கூப்பிக்கிட்டு உக்காந்திருந்தாங்க பாலம் முடியற வரைக்கும். தனுஷ்கோடி வண்டியை 1964 டிசம்பர்ல புயல் கொண்டுபோனப்ப அம்மா கைக்குழந்தை, ஆனா அவங்க வீட்டுல அந்தக் கதையை சொல்லிச் சொல்லியே வளத்திருக்காங்க. பழைய பாம்பன் பாலத்துலயும் அது ஓடின காலத்துல காத்து மணிக்கு 58 கிலோமீட்டர் தாண்டினா வண்டியை விட்டதில்ல. கடலோர லைன்ல எல்லா ஊர்லயும் காத்துதான் கடைசி சிக்னல்.

நீகாத்தாவுலேர்ந்து சகாதா 168 கிலோமீட்டர், ரெண்டு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல. ராத்திரி ஒரு சின்ன ஹோட்டல்ல தங்கிட்டு காலையில சன்க்யோ களஞ்சியம் பாக்கப் போனோம். 1893-ல கட்டின நெல் களஞ்சியங்கள், வரிசையா கருப்பு மரக்கட்டடம். மேற்கு பக்கம் முழுக்க பெரிய பெரிய கெயாகி மரம் நட்டு வெச்சிருக்காங்க, சாயங்கால வெயிலும் கடல் காத்தும் சுவர்ல படாம இருக்க, கூரையும் ரெண்டு அடுக்கு, நடுவுல காத்து ஓடும், உள்ள அரிசி சூடேறாது. ஏசி கிடையாது, நூறு வருஷத்துக்கு மேல இப்படியே அரிசி வெச்சிருந்தாங்க. அம்மா சுவரைத் தொட்டுப் பாத்தாங்க, வெளிய வெயில், சுவர் ஜில்லுன்னு. எங்க தாத்தா வீட்டு பத்தாயத்தை நடுக்கூடத்துல வெச்சதுக்கும் இதுதான்டா காரணம்னாங்க. உள்ள ஒரு பொம்மை, ஒரு பொம்பளை முதுகுல அரிசி மூட்டையை அடுக்கி சுமக்கற மாதிரி. மூட்டை ஒண்ணு 60 கிலோ, இங்க சுமை தூக்கினது பொம்பளைங்களாம். அம்மா அந்த பொம்மை முன்னாடி ரொம்ப நேரம் நின்னாங்க.

இதே 1893-ல, இங்கேர்ந்து கொஞ்ச தூரத்துல, ஆபே காமேஜின்னு ஒரு விவசாயி கோயிலுக்குப் போற வழியில ஒரு வயலைப் பாத்தாராம். அந்த வருஷம் குளிர் அடிச்சு பயிர் எல்லாம் வீணா கிடக்கு, நடுவுல மூணே மூணு கதிர் மட்டும் நிமிந்து நிக்குது. அதைக் கேட்டு வாங்கிட்டுப் போய் வருஷக்கணக்கா விதைச்சு விதைச்சு தேர்ந்தெடுத்து எடுத்ததுதான் காமே நோ ஓங்கற நெல்லு. அதோட பிள்ளை வழி பேரன் வழியில வந்ததுதான் நாங்க ரயில்ல புளிக்காய்ச்சல் போட்டு சாப்பிட்ட கோஷிஹிகாரி. தம்பி இதைப் படிச்சு சொன்னதும் அம்மா உடனே நெல் ஜெயராமன் பேரைச் சொன்னாங்க. அவரும் திருத்துறைப்பூண்டி பக்கம்தான், ஆதிரெங்கம், 150-க்கு மேல பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிப்பிடிச்சு விவசாயிங்க கையில திருப்பிக் குடுத்தவர், 2018-ல போயிட்டார். அவர் நடத்தின நெல் திருவிழாவுல எங்க மாமா ரெண்டு கிலோ விதை வாங்கினார், அடுத்த வருஷம் நாலு கிலோவா திருப்பிக் குடுத்தார், அதுதான் அங்க கணக்கு. மூணு கதிரை கவனிச்சு நிக்கறதுக்கு ஒரு ஆள் வேணும்டா, எல்லாரும் வீணாப்போச்சுன்னு தாண்டித்தான் போவாங்கன்னாங்க அம்மா.

மறுபடியும் ரயில் ஏறறதுக்கு நேரம் இருந்துச்சு, ஊர் ஓரத்துல நடந்தோம். மேகம் விலகி சோகாய் மலை தெரிஞ்சுது, 2,236 மீட்டர், தனியா, ஃபூஜி மாதிரியே. அதுக்குக் கீழ வயல், ஒரு பெரியவர் அறுப்பு மெஷினை நிறுத்திட்டு டீ குடிச்சுக்கிட்டிருந்தார். அம்மா வரப்புலயே நின்னு கதிரையே பாத்தாங்க, இறங்கல. தம்பி போய் அவர்கிட்ட ஏதோ பேசினான், எங்கம்மாவும் நெல்லு ஊர்க்காரங்கன்னு சொல்லியிருப்பான். அவர் எழுந்து வந்து ஒரு கதிரை ஒடிச்சு ரெண்டு கையாலயும் நீட்டினார். அம்மாவும் ரெண்டு கையாலயும் வாங்கினாங்க. உள்ளங்கையில உருவி, ரெண்டு கையையும் தேய்ச்சு, ஊதி, ஒரு மணியை எடுத்து முன்பல்லுல கடிச்சாங்க. அந்தப் பெரியவரும் அதே நேரத்துல ஒரு மணி எடுத்து கடிச்சார். அம்மா தமிழ்லயே அவர்கிட்ட சொன்னாங்க, "இன்னும் ரெண்டு வெயில் காயணும்." அவர் ஜப்பானிய மொழியில ஏதோ சொன்னார். தம்பி என்னைப் பாத்து, அதையேதான்டா அவரும் சொல்றார்னான்.

மிச்ச மணியை அங்கயே வரப்புல தூவிட்டாங்க, விதை எல்லாம் ஊருக்கு எடுத்துட்டு வரக்கூடாதுன்னு நான் முன்னாடியே சொல்லி வெச்சிருந்தேன்.

போறவங்களுக்கு: செப்டம்பர் நடுவுல போங்க, மதியத்துக்கு மேல நீகாத்தாவுலேர்ந்து கிளம்பற வண்டியா பாருங்க, சீட்டு முன்னாடியே பிடிச்சுடுங்க, போகும்போது இடது பக்கம். திரும்பி வரும்போது வலது பக்கம் கேட்டு வாங்கணும், நான் அதை மறந்துட்டேன், அம்மா மறக்கல, சகாதா கவுன்ட்டர்ல தம்பியை இடிச்சு கடல் பக்கம் கேளுடான்னு சொன்னது அவங்கதான்.